பிடித்தது அலுவலகம், கணக்கு நம்முடையது

தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியர் வீடுகளில் பிப்ரவரி என்றாலே ஒரு பயம் இருந்தது. அந்த மாதச் சம்பளம் பாதிதான் கைக்கு வரும். ஆண்டு முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொண்டு வந்து, வருமான வரிப் படிவத்தைப் பிப்ரவரிச் சம்பளப் பட்டியலோடு வைத்து, மிச்சமிருந்த வரி மொத்தத்தையும் அந்த ஒரே மாதத்தில் கழித்துவிடுவார்கள். மளிகைக் கடைக்காரருக்கும் சீட்டுப் பிடிப்பவருக்கும்கூட இந்தச் சங்கதி தெரியும். "வாத்தியார் வீட்டுப் பணம் மார்ச்சுல வரும்" என்று அவர்களே கணக்கைத் தள்ளிவைத்துக்கொள்வார்கள்.

பழனியை ஒட்டி, மலையடிவாரத்தில் பாலாறு பொருந்தலாறு அணைப் பக்கமாக இருக்கிற பாலசமுத்திரம் பேரூராட்சியும் இந்தப் பழக்கத்துக்கு விலக்கல்ல. தென்னையும் மாவும் நெல்லும் விளைகிற ஊர். மாதச் சம்பளக்காரர்கள் என்றால் ஆசிரியர்கள், மின்வாரியத்தார், போக்குவரத்துக் கழகத்தார், பழனிக் கோயிலையும் அதன் கல்வி நிறுவனங்களையும் சார்ந்து வேலை செய்பவர்கள், கோயம்புத்தூருக்கும் சென்னைக்கும் போய்விட்ட பிள்ளைகள். இவர்களில் அரசு ஊழியர்களின் சம்பளப் பட்டியல் பழனி சார்நிலைக் கருவூலத்தைத் தாண்டித்தான் வங்கிக்குப் போகிறது. அந்தப் பட்டியல் காகிதத்திலிருந்து 'களஞ்சியம்' என்கிற கணினி முறைக்கு மாறியது. 2024-25 நிதியாண்டில் வரிப் பிடித்தமும் அதிலேயே மாதாமாதம் தானாக நடக்கத் தொடங்கியது. பழைய வரி முறையா, புதிய வரி முறையா என்று ஊழியரே தேர்வு செய்ய வேண்டும். செய்யாவிட்டால் புதிய முறை என்று எடுத்துக்கொள்ளப்படும்.

பிப்ரவரிப் பயம் தணிந்தது நல்லதுதான். ஆனால் மாதாமாதம் தானாகப் பிடிக்கத் தொடங்கிய பிறகு, "அதுதான் ஆபீஸ்லயே புடிக்கிறாங்களே, இனி என்ன?" என்கிற நினைப்பு இன்னும் அழுத்தமாக உட்கார்ந்துவிட்டது. இந்தக் கட்டுரை அந்த நினைப்பைப் பற்றியது. அலுவலகம் பிடிப்பது ஒரு மதிப்பீடு. நம் வரி எவ்வளவு என்பதை முடிவு செய்வது நாம் தாக்கல் செய்கிற கணக்கு. இரண்டுக்கும் நடுவே இருக்கிற இடைவெளியில் ஒரு சாதாரணக் குடும்பத்தின் இரண்டு மாத மளிகைச் செலவு, சில சமயம் ஒரு பிள்ளையின் கல்லூரிக் கட்டணம், காணாமல் போய்க்கொண்டிருக்கிறது.

2025-26 வரையிலான சம்பளத்தில் வரி பிடிக்கச் சொல்வது 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 192ஆம் பிரிவு. ஊழியருக்கு இந்த ஆண்டு மொத்தம் எவ்வளவு சம்பளம் வரும், அவர் சொல்கிற கழிவுகள் போக எவ்வளவு மிஞ்சும் என்று அலுவலகம் முன்கூட்டியே கணித்து, வரியை மாதங்களுக்குப் பங்கிட்டுப் பிடிக்க வேண்டும். கூடக் குறைய வந்தால் ஆண்டுக்குள்ளேயே சரிசெய்துகொள்ளலாம். வாடகை, எல்.ஐ.சி., வீட்டுக் கடன் வட்டி ஆகியவற்றை ஊழியர் எழுதிக் கொடுக்கப் படிவம் 12பிபி இருக்கிறது. அதில் எழுதியதை வைத்தே அலுவலகம் நடக்கிறது. எழுதாதது அதற்குத் தெரியாது.

2023-24 முதல் புதிய வரி முறையே இயல்பானது என்று சட்டம் மாறியது. அந்த ஆண்டு ஏப்ரல் 5ஆம் தேதி மத்திய நேரடி வரிகள் வாரியம் ஒரு சுற்றறிக்கை விட்டது. அதில் உள்ள ஒரு விஷயத்தைச் சம்பளக்காரர் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். எந்த முறை வேண்டும் என்று ஊழியர் அலுவலகத்திடம் சொல்வது பிடித்தத்துக்காக மட்டுமே. அது சட்டப்படியான தேர்வு ஆகாது. உண்மையான தேர்வைக் கணக்குத் தாக்கல் செய்யும்போதுதான் செய்ய வேண்டும். அதாவது ஏப்ரலில் அலுவலகத்தில் 'பழையது' என்று சொன்னவர் ஜூலையில் 'புதியது' என்று தாக்கல் செய்யலாம். அடுத்த ஆண்டு மறுபடியும் பழையதற்கே திரும்பலாம். சம்பளம் மட்டும் உள்ளவருக்கு இந்தச் சுதந்திரம் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. கடை, தொழில் என்று வியாபார வருமானமும் இருந்தால் கதை வேறு. அவர்கள் படிவம் 10-ஐஇஏ கொடுக்க வேண்டும், இப்படி விரும்பியபடி மாறவும் முடியாது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் இதன் கனம் தெரியும். பாலசமுத்திரத்தில் சொந்த வீடு கட்டிக் குடியிருக்கிற ஓர் ஆசிரியர் என்று வைத்துக்கொள்வோம். 2025-26இல் அவருடைய மொத்தச் சம்பளம் 12,40,000 ரூபாய். வீட்டுக் கடனுக்கு ஆண்டு வட்டி 2 லட்சம். சேமநிதி, எல்.ஐ.சி. எல்லாம் சேர்த்து 80சி பிரிவில் 1.5 லட்சம் முழுதாக நிரம்பிவிட்டது. "இவ்வளவு சேமிப்பும் கடனும் இருக்கும்போது எனக்குப் பழைய முறைதான் லாபம்" என்று பல ஆண்டாகச் சொல்லிவந்தவர். களஞ்சியத்திலும் அதையே தேர்வு செய்துவிட்டார். பழைய முறையில் நிலைக் கழிவு 50,000, பேரூராட்சிக்குக் கட்டிய தொழில் வரி 2,500, கடன் வட்டி 2 லட்சம், 80சி 1.5 லட்சம் போக மிஞ்சுவது 8,37,500. இதற்கு வரி 80,000. நான்கு சதவீத மேல்வரி சேர்த்தால் 83,200. மாதத்துக்கு ஏறக்குறைய 6,900 ரூபாய் சம்பளத்திலிருந்து போய்க்கொண்டே இருந்திருக்கும்.

அதே ஆசிரியர் புதிய முறையில் எவ்வளவு கட்ட வேண்டும்? நிலைக் கழிவு 75,000 போக 11,65,000. 2025 பிப்ரவரி 1 அன்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் தாக்கல் செய்த பட்ஜெட், வரிக்குரிய வருமானம் 12 லட்சம் வரை உள்ளவர்களுக்கு 87ஏ பிரிவில் 60,000 ரூபாய் வரை தள்ளுபடி தந்தது. ஆகவே அவருடைய வரி பூஜ்யம். கடன் வட்டியும் எல்.ஐ.சி.யும் கணக்கிலேயே வராமல் பூஜ்யம்.

இந்த 83,200 ரூபாயும் அவருக்குத் திரும்பக் கிடைக்கும். ஒரே நிபந்தனை: தாக்கல் செய்யும்போது புதிய முறையைத் தேர்வு செய்ய வேண்டும். பிடித்த வரிக்கு அலுவலகம் தருகிற சான்றான படிவம் 16இல் பழைய முறைப்படி போட்டிருப்பதைப் பார்த்து, அப்படியே நகலெடுத்துத் தாக்கல் செய்துவிட்டால் அந்தப் பணம் போனதுதான். கணினி மையத்தில் படிவம் 16ஐ நீட்டிவிட்டு வெளியே டீ குடிக்கப் போகிறவர்கள், உள்ளே தட்டச்சு செய்கிற பையன் எந்த முறையை அழுத்துகிறான் என்று பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

"போகட்டும், அரசாங்கத்திடம் சேமிப்பாக இருக்கட்டும், மொத்தமாக வந்தால் நல்லது" என்று சிலர் சொல்வதுண்டு. அந்த மனநிலை எனக்குப் புரிகிறது. கையில் இருந்தால் செலவாகிவிடும் என்கிற பயம். ஆனால் ஏப்ரலிலிருந்து மார்ச் வரை பிடித்த பணத்துக்கு அந்த ஆண்டில் ஒரு காசு வட்டி கிடையாது. நேரத்தில் தாக்கல் செய்தால் அடுத்த ஏப்ரலிலிருந்து மாதம் அரை சதவீதம் தருவார்கள். திரும்பி வரும் தொகை மொத்த வரியில் பத்தில் ஒரு பங்குக்குக் குறைவாக இருந்தால் அதுவும் இல்லை. வந்த வட்டியை அடுத்த ஆண்டு வருமானமாகக் காட்டவும் வேண்டும். இதே 6,900 ரூபாயைத் தபால் அலுவலகத்தில் மாதத் தொடர் வைப்பாகப் போட்டிருந்தால் முதல் மாதமே வட்டி ஓடத் தொடங்கியிருக்கும்.

எல்லோருக்கும் புதிய முறைதான் நல்லது என்று நான் சொல்லவில்லை. சென்னையில் வாடகைக்கு இருந்துகொண்டு, ஊரில் பெற்றோருக்காகக் கடன் வாங்கி வீடு கட்டிக்கொடுத்த பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். சம்பளம் 16 லட்சம். வாடகைப்படி விலக்கு 3 லட்சம், கடன் வட்டி 2 லட்சம், 80சி 1.5 லட்சம், மருத்துவக் காப்பீடு 25,000, நிலைக் கழிவு, தொழில் வரி எல்லாம் போனால் பழைய முறையில் வரி 90,480. புதிய முறையில் 1,13,100. இவருக்குப் பழையது 22,620 ரூபாய் லாபம். ஆனால் இந்த லாபத்துக்குக் கெடு உண்டு. பழைய முறை வேண்டும் என்றால் உரிய கடைசித் தேதிக்குள் தாக்கல் செய்தே ஆக வேண்டும். வழக்கமாக அது ஜூலை 31. 2025ஆம் ஆண்டில் மட்டும் செப்டம்பர் 16 வரை நீட்டினார்கள். அதைத் தாண்டித் தாமதக் கணக்குத் தாக்கல் செய்தால் புதிய முறைதான், வேறு வழியில்லை. அலுவலகம் பழைய முறைப்படி 90,480 மட்டும் பிடித்திருக்கும். மீதி 22,620ஐயும் அதற்கு வட்டியையும், 5,000 ரூபாய் தாமதக் கட்டணத்தையும் கையிலிருந்து கட்ட வேண்டும். புதிய முறைக்கு இப்படிக் கெடு இல்லை. மறதிக்காரர்கள் இழப்பது பழைய முறையைத்தான்.

வேலை மாறுகிற பிள்ளைகள் மாட்டிக்கொள்வது இன்னொரு இடத்தில். இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் கோயம்புத்தூர், பெங்களூர் என்று போன நம் ஊர்ப் பிள்ளைகள் ஆண்டு நடுவில் கம்பெனி மாறுவது இப்போது சாதாரணம். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு கம்பெனியில் மாதம் 90,000. அந்தக் கம்பெனி ஆண்டுக்கு 10,80,000 வரும் என்று கணித்து, தள்ளுபடிக்குள் வருவதால் ஒன்றும் பிடிக்கவில்லை. அக்டோபரில் மாதம் 1,50,000க்கு வேறு கம்பெனி. அங்கே மார்ச் வரை 9 லட்சம்தான் வரும் என்பதால் அவர்களும் ஒன்றும் பிடிக்கவில்லை. இரண்டு கம்பெனியும் நிலைக் கழிவையும் தள்ளுபடியையும் தனித்தனியாகக் கொடுத்துவிட்டன. உண்மையில் ஆண்டு வருமானம் 14,40,000. ஒரே ஒரு நிலைக் கழிவு போக 13,65,000; வரி 88,140. பிடித்தது பூஜ்யம். 10,000 ரூபாய்க்கு மேல் வரி பாக்கி இருந்தால் அதை முன்கூட்டியே தவணைகளாகக் கட்டியிருக்க வேண்டும் என்பது சட்டம். கட்டாததற்கு 234பி, 234சி பிரிவுகளில் ஜூலை மாதம் வரை ஏறக்குறைய 8,000 ரூபாய் வட்டியும் சேரும். முதல் மாதச் சம்பளம் வாங்கியதும் ஊருக்குப் பணம் அனுப்பிய பிள்ளை, ஜூலையில் தொண்ணூற்றாறாயிரம் கட்டச் சொல்லும் திரையைப் பார்த்துத் திகைத்து நிற்கும். புதிய கம்பெனியில் சேர்ந்த அன்றே படிவம் 12பியில் பழைய கம்பெனிச் சம்பளத்தை எழுதிக் கொடுத்திருந்தால் அவர்கள் ஆறு மாதத்துக்குப் பங்கிட்டுப் பிடித்திருப்பார்கள். சேரும் நாளில் கையெழுத்துக் கேட்கும் காகிதக் கட்டில் இந்தப் படிவமும் இருக்கும். பெரும்பாலும் வெறுமையாகவே திரும்பிப் போகும்.

சம்பளம் தவிர வேறு வருமானம் வைத்திருப்பவர்களுக்கும் இதே சிக்கல் சிறிய அளவில் வருகிறது. வைப்புத்தொகை வட்டி ஆண்டுக்கு 50,000க்கு மேல் போனால் வங்கி பத்து சதவீதம் பிடிக்கும். மூத்த குடிமக்களுக்கு இந்த வரம்பு ஒரு லட்சம். பத்து பிடித்துவிட்டார்களே என்று இருந்துவிடக் கூடாது. வட்டி வாங்குபவரின் வரிப் படிநிலை இருபது சதவீதமோ முப்பதோ என்றால் மீதியை அவர்தான் கட்ட வேண்டும். இந்த வட்டியை அலுவலகத்திடம் முன்பே எழுதிக் கொடுத்தால் அதற்கும் சேர்த்துச் சம்பளத்திலேயே பிடிக்க 192ஆம் பிரிவு இடம் தருகிறது. பலருக்கு இது தெரியாது.

பாலசமுத்திரம் போன்ற ஊரில் இன்னொன்றும் உண்டு: தோப்பு. ஆசிரியர் பேரில் அரை ஏக்கர் தென்னை இருக்கும், மாந்தோப்பைக் குத்தகைக்கு விட்டிருப்பார். விவசாய வருமானத்துக்கு மத்திய வரி இல்லை என்பது சரி. ஆனால் அது ஆண்டுக்கு 5,000 ரூபாயைத் தாண்டினால் எளிய ஐ.டி.ஆர்.-1 படிவத்தில் தாக்கல் செய்ய முடியாது, ஐ.டி.ஆர்.-2க்குப் போக வேண்டும். சம்பள வருமானத்தின் மீதான வரி விகிதத்தைக் கணிக்க அந்தத் தோப்பு வருமானத்தையும் சேர்த்துப் பார்ப்பார்கள். தேங்காய் விலை ஏறிய ஆண்டில் இது வித்தியாசம் காட்டும். சம்பளம் போடுகிற அலுவலகத்துக்குத் தோப்பு இருப்பதே தெரியாது.

பிறகு நிலுவை. அகவிலைப்படி நிலுவையோ, தாமதமாக வந்த பதவி உயர்வு நிலுவையோ ஒரே ஆண்டில் மொத்தமாக வரும்போது, அது பல ஆண்டுக்கு உரியது என்றாலும் வந்த ஆண்டின் வருமானமாகவே பிடித்தம் நடக்கும். இதற்குத்தான் 89ஆம் பிரிவு நிவாரணம். கேட்கிறவர் கணக்குத் தாக்கல் செய்வதற்கு முன்பே படிவம் 10இ-ஐ இணையத்தில் தாக்கல் செய்திருக்க வேண்டும். படிவம் 16இல் அலுவலகம் நிவாரணம் கொடுத்திருக்கிறது என்று நம்பி இதை விட்டுவிட்டால், பெங்களூரு மத்தியச் செயலாக்க மையத்திலிருந்து நிவாரணத்தை மறுத்து, வரி பாக்கி என்று அறிவிப்பு வந்து நிற்கும்.

இதுவரை சொன்னதெல்லாம் ஊழியர் கையில் இருப்பது. அவர் கையில் இல்லாத ஒன்றும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் பாதிக் கட்டுரைதான் எழுதியவன் ஆவேன்.

தனியார் கம்பெனி சம்பளத்தில் பிடித்த வரியைச் சலான் போட்டு வங்கியில் கட்டுகிறது. அரசுப் பள்ளியில் அப்படி அல்ல. பணம் கருவூலத்துக்குள்ளேயே கணக்கு மாறுகிறது. கருவூலம் மாதாமாதம் படிவம் 24ஜி தாக்கல் செய்து ஓர் அடையாள எண்ணைப் பெறும். சம்பளம் வழங்கும் அலுவலர் காலாண்டுக்கு ஒருமுறை படிவம் 24க்யூவில் அந்த எண்ணையும், ஒவ்வோர் ஆசிரியரின் பான் எண்ணையும், பிடித்த தொகையையும் குறித்துத் தாக்கல் செய்ய வேண்டும். தொடக்கப் பள்ளிகளுக்கு அந்த அலுவலர் வட்டாரக் கல்வி அலுவலர். உயர்நிலைப் பள்ளி என்றால் தலைமை ஆசிரியர். இந்தச் சங்கிலியில் எங்காவது ஒரு கண்ணி விட்டுப்போனால், பான் எண்ணில் ஓர் எழுத்து மாறினால், வரித் துறை இணையத்தில் காட்டுகிற ஆசிரியரின் வரிக் கணக்கான படிவம் 26ஏஎஸ்ஸில் அந்த வரி ஏறாது. சம்பளத்தில் பிடித்தது பிடித்ததுதான். வரித் துறைக்கோ வந்து சேரவில்லை. அவர் தாக்கல் செய்யும் கணக்கு 'வரி பாக்கி' என்று திரும்பி வரும்.

இதில் ஆசிரியரைக் குற்றவாளி போல் நிறுத்துவது அநியாயம். சட்டமும் அதைத்தான் சொல்கிறது: சம்பளத்திலிருந்து பிடிக்கப்பட்ட அளவுக்கு அந்த வரியை ஊழியரிடம் மறுபடி கேட்கக் கூடாது என்பது 205ஆம் பிரிவு. அப்படிப்பட்ட பாக்கியைக் கட்டாயப்படுத்தி வசூலிக்கக் கூடாது என்று 2015 ஜூன் 1 அன்று மத்திய நேரடி வரிகள் வாரியமும் தன் அதிகாரிகளுக்கு எழுதியது. 24க்யூ தாமதமானால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம் பிடித்தம் செய்தவர்மீதுதான் விழும். ஆனால் நடைமுறையில் சம்பளப் பட்டியலின் நகல்களைத் தூக்கிக்கொண்டு அலைபவர் ஆசிரியர்தான். ஜூன் 15க்குள் படிவம் 16 தர வேண்டும் என்பது விதி. அது கையில் வந்ததும், தாக்கல் செய்யும் முன், அதிலுள்ள பிடித்தத்தை இணையத்தில் 26ஏஎஸ்ஸோடு ஒரு முறை ஒத்துப் பார்ப்பது அவசியம். குறைந்தால் திருத்த அறிக்கை தாக்கல் செய்யச் சொல்லி அலுவலருக்கு எழுத்தில் கொடுங்கள், வாய்ச்சொல் போதாது.

வரி ஒன்றும் வரவில்லை, பிடிக்கவும் இல்லை என்பவர்களும் கணக்கைத் தாக்கல் செய்தாக வேண்டும். தள்ளுபடியால் வரி பூஜ்யம் ஆவது வேறு, வருமானம் அடிப்படை வரம்புக்குள் இருப்பது வேறு. புதிய முறையில் அந்த வரம்பு 4 லட்சம். பத்து லட்சம் சம்பளம் வாங்குகிறவருக்கு வரி பூஜ்யம்தான். ஆனால் தாக்கல் கட்டாயம். வங்கிக் கடன் கேட்டுப் போகும் அன்று தாக்கல் செய்த கணக்கின் அருமை தெரியும்.

இந்த ஏற்பாடு நம் ஊரில் மட்டும் உள்ளதல்ல, புதிதும் அல்ல. 1922ஆம் ஆண்டின் இந்திய வருமான வரிச் சட்டத்திலேயே சம்பளத்தில் பிடிக்கும் பிரிவு இருந்தது. பிரிட்டனில் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில்தான் மாதாமாதம், வாராவாரம் பிடிக்கும் முறையை வகுத்தார்கள். அதை நாடாளுமன்றத்தில் அறிவிக்க வேண்டிய 1943 செப்டம்பர் 21 அன்றே நிதியமைச்சர் கிங்ஸ்லி உட் இறந்துபோனார். முறை 1944இல் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவும் அதே 1943இல் சட்டம் போட்டது. அங்கே வேலைக்குச் சேர்பவர் டபிள்யூ-4 என்கிற படிவத்தில், தன் துணைவருக்கும் வேலை உண்டா, பிள்ளைகள் எத்தனை, வேறு வருமானம் எவ்வளவு என்று எழுதிக் கொடுத்தே தன் பிடித்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறார். கணவன் மனைவி இருவரும் வேலை பார்க்கிற வீட்டில் அந்தக் கட்டத்தைக் குறிக்காமல் விட்டால் ஏப்ரலில் பெரும் தொகை கட்ட நேரும். அங்கே போன நம் பிள்ளைகளுக்கு முதல் ஆண்டில் இது நன்றாகவே பிடிபட்டுவிடுகிறது. நம் 12பிபியும் அதே வகைக் காகிதம்தான். நாம் அதை அலட்சியமாக நிரப்புகிறோம்.

அந்த அலட்சியத்தில்தான் தரகர் நுழைகிறார். "சார், உங்களுக்கு நாற்பதாயிரம் ரீஃபண்ட் வாங்கித் தர்றேன், பத்துல ஒரு பங்கு எனக்கு" என்பார். கட்டாத வாடகை, கொடுக்காத அரசியல் கட்சி நன்கொடை, இல்லாத கல்விக் கடன் வட்டி என்று கணக்கில் எழுதிவிடுவார். பணமும் வங்கிக்கு வந்துவிடும். வந்துவிட்டதே என்று பக்கத்துக் காலிமனைக்கு முன்பணம் கொடுத்துவிடுவார்கள். 2025 ஜூலை 14 அன்று வருமான வரித் துறை நாடு முழுவதும் 150 இடங்களில் இப்படிப்பட்ட போலிக் கழிவுக் கணக்குகளைச் சோதிக்க இறங்கியது. தமிழ்நாடும் மகாராஷ்டிரம், குஜராத் போன்ற மாநிலங்களோடு அந்த அறிவிப்பில் பெயர் சொல்லப்பட்டது. அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் ஏறக்குறைய 40,000 பேர் தாமாகவே கணக்கைத் திருத்தி 1,045 கோடி ரூபாய் அளவுக்குப் பொய்க் கோரிக்கைகளைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். மாட்டிக்கொண்டால் தவறாகக் காட்டிய வருமானத்தின் மீதான வரியைப் போல் இரண்டு மடங்கு அபராதம். தரகர் தன் பங்கை வாங்கிக்கொண்டு போயிருப்பார். இப்போது எல்.ஐ.சி. பாலிசி எண், கடன் கணக்கு எண், வாடகை விவரம் எல்லாவற்றையும் படிவத்திலேயே கேட்கிறார்கள். வெறும் தொகையை மட்டும் எழுதிவிட்டுத் தப்ப முடியாது. ஏற்கெனவே இந்த வலையில் விழுந்தவர்கள், நோட்டீஸ் வருவதற்கு முன் புதுப்பித்த கணக்கைத் தாக்கல் செய்துவிடுங்கள். அதற்கான காலத்தை 2025 பட்ஜெட் நான்கு ஆண்டாக நீட்டியிருக்கிறது. முதல் ஆண்டுக்குள் என்றால் கூடுதலாக வரியிலும் வட்டியிலும் 25 சதவீதம்; தள்ளித் தள்ளிப் போட்டால் 70 வரை போகும்.

2026 ஏப்ரல் 1 முதல் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் வந்துவிட்டது. பிரிவு எண்கள் மாறிவிட்டன, முந்தைய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்ற இரட்டைக் குழப்பம் போய் 'வரி ஆண்டு' வந்திருக்கிறது. 2025-26 சம்பளத்துக்கான கணக்கு பழைய சட்டப்படிதான். எந்தச் சட்டமானாலும், இனியாவது கல்வித் துறையும் கருவூலமும் சேர்ந்து, ஒவ்வொரு வட்டாரத்திலும் ஏப்ரல் மாதம் ஓர் அரைநாள், ஊழியரின் சென்ற ஆண்டுப் படிவம் 16ஐ எதிரே வைத்து இரண்டு முறைக்கும் வரி போட்டுக் காட்டலாம். தேர்வு ஏப்ரலில் கேட்கப்படுகிறது என்றால் கணக்கும் ஏப்ரலிலேயே கண்ணில் பட வேண்டும். பாலசமுத்திரத்து ஆசிரியர் அதற்காகத் திண்டுக்கல் வரை போக வேண்டியதில்லை. பழனியில் ஒரு பள்ளிக் கூடமும் ஒரு கணினியும் போதும்.